பந்து வெளியே போகக் கூடாது

"அவளுக்குத் தெரியும்ல?" என்று மர்யுன் கேட்டாள்.

"என்ன தெரியும்ல?" ஹானுஸ் பெயிண்ட் டப்பாவின் மூடியைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை உள்ள இறங்குனா அதோட அவ நிரந்தரமா நம்ம ஆளுன்னு."

"தெரியாமயா ஏரோப்ளேன் ஏறி வர்றா? சோல்ருன் சொல்லிருப்பா. உன் அக்காதானே, நீயே கேட்டுக்கோயேன்."

"நீ சொல்லிருப்பேன்னு அக்கா நினைச்சிட்டிருந்தா?"

"மர்யுன், நீ வெள்ளை பெயிண்ட் வாங்க வந்தியா, என் உயிர வாங்க வந்தியா?"

"ரெண்டுக்கும் சேர்த்து எவ்வளவு?"

ருனாவிக்கில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் இந்த ஹானுஸ்தான் எங்கள் ஃபாரோ தீவுகளின் பெண்கள் தேசிய அணிக்குக் கோச். கடையில் பேரம் பேச வருகிறவளிடமே, "உன் பொண்ணு இடது காலாலயும் அடிப்பாளா?" என்று கேட்கிற ஆள். மர்யுன் அணியின் கேப்டன். மற்ற நாட்களில் சால்மன் மீன் ஆலையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பவள். இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. அவனுடைய கணக்கை அவள் பார்த்து எழுதினாள், அவனுக்காகச் சண்டைகளை அவள் போட்டாள். அதனால் கோச் என்றும் கேப்டன் என்றும் அவர்களுக்குள் மரியாதை எதுவும் கிடையாது.

தீவுகள் எங்களுடையவை, கொடி எங்களுடையது, மொழி எங்களுடையது. பையில் இருக்கும் பாஸ்போர்ட் மட்டும் டென்மார்க்குடையது. ஆகவே இங்கே பிறந்த பெண் எங்களுக்காகவும் ஆடலாம், டென்மார்க்குக்காகவும் ஆடலாம். அந்த நாட்களில் விதி கடுமையாக இருந்தது. நட்பு ஆட்டம் எத்தனை ஆடினாலும் கணக்கில்லை. தகுதிச் சுற்று ஆட்டத்தில் ஒரே ஒரு நிமிடம் மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டால் போதும், அந்த நாட்டோடு முடிச்சு விழுந்துவிடும். பிறகு அழுதாலும் அவிழாது.

அதனால்தான் எங்கள் ஊர்களில் எங்காவது ஒரு நல்ல பெண் தலையெடுத்தால் காப்பிக் கடையிலிருந்து தேவாலய வாசல்வரை ஒரே கேள்வியாக இருக்கும். "குறி போட்டாச்சா?"

ஆடுகளுக்குக் காதில் வெட்டுக்குறி போடுவோமே, அந்தக் குறி. மலையில் எங்கே மேய்ந்தாலும், காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் இன்ன வீட்டு ஆடு என்று தெரிந்துவிடும். வேடிக்கையாகத்தான் சொல்வோம். சிரித்துக்கொண்டேதான் சொல்வோம்.

இந்த முறை குறி போட வேண்டிய பெண் ரன்வா. மர்யுனின் அக்கா சோல்ருனுடைய மகள். வயது பதினேழு. இரண்டு வருடமாக டென்மார்க்கில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டே அங்கே ஒரு கிளப்பில் ஆடுகிறாள். போன வருடம் ஒரு நட்பு ஆட்டத்துக்கு வந்தபோது மூன்று பேரை வெட்டித் தாண்டிப் போய் கோல் அடித்தாள். அன்று பேக்கரி எல்ஸ்பா சொன்னாள்: "இவளப் பாத்தப்புறந்தான் தெரியுது, இத்தன வருஷமா நம்ம ஆடினது கால்பந்து இல்ல, கால்வலி."

மர்யுனுக்கு முப்பத்து நாலு வயது. நடுக்களத்தில் நின்று பந்தை முன்னால் அனுப்புவது அவள் வேலை. வாங்கி வைத்துக்கொள்ள முன்னால் ஆள் இருந்ததே இல்லை. அனுப்புவாள், பந்து எதிரியின் காலுக்குப் போகும், திரும்பி வரும், கோல் விழும். ஆறு, ஏழு, எட்டு என்று வாங்கிக் கட்டிக்கொண்டு திங்கட்கிழமை ஆலைக்குப் போவாள். "நான் அனுப்புற பந்து ஒரு தடவையாவது யார் காலுக்காவது போய்ச் சேரணும். அப்புறம் நான் பூட்ஸக் கழட்டிடுறேன்" என்று ஒருநாள் கோல்கீப்பர் பிரிட்டாவிடம் சொன்னாளாம். ரன்வாவைக் கட்டிப்போட வேண்டும் என்று ஹானுஸுக்கு இருந்த ஆசையைவிட மர்யுனுக்கு இருந்தது பெரிய ஆசை. அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

பெயிண்ட் வாங்கிக்கொண்டு வந்தவள் அக்காவிடம் கேட்டாளா? கேட்கவில்லை. இங்கே யாரும் கேட்க மாட்டோம். ஒரு சேதி பிறந்தால் சாயங்காலத்துக்குள் தீவு முழுக்கப் போய்விடும் என்பதில் எங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பாதிரியாருக்கு மாற்றல் வந்தது பாதிரியாருக்கு முன்னால் எங்களுக்குத் தெரியும். அவர் ஞாயிற்றுக்கிழமை மேடையேறி அறிவித்தபோது, எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். யாரைப் பற்றிய பேச்சோ அந்த ஆளிடம் மட்டும் யாரும் பேசுவதில்லை. அதை நாங்கள் நாகரிகம் என்று வேறு சொல்லிக்கொள்கிறோம்.

வெள்ளிக்கிழமை மூடுபனி. விமானம் இறங்கவில்லை. ரன்வா சனிக்கிழமை மதியம்தான் வந்தாள், விமான நிலையத்திலிருந்து நேராக மைதானத்துக்கு. மற்றவர்கள் ஏற்கெனவே உடை மாற்றிப் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். மர்யுனைக் கட்டிப்பிடித்து, "சித்தி, மீன் நாத்தம் அடிக்குது உன்மேல" என்றாள்.

"டென்மார்க் சோப்பு போட்டுக் குளிக்கிற மகாராணி, போய் உடுப்ப மாத்து."

அவ்வளவுதான் பேச முடிந்தது. தேசிய கீதத்துக்கு வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

ஃபின்லாந்து அணி. உயரமான பெண்கள். எங்கள் காற்றை மட்டும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை, அதனால் இடைவேளைவரை இரண்டு கோலோடு தப்பித்தோம். இடைவேளைக்குப் பிறகு காற்று எங்கள் முகத்தில் அடித்தது. பிரிட்டா உதைத்த பந்து பாதி மைதானம் போய், யோசித்து, அவளிடமே திரும்பி வந்தது. மூன்றாவது கோல் விழுந்தது. நான்காவதும் விழுந்தது. பார்வையாளர்கள் பகுதியில் நாங்கள் கம்பளி ஸ்வெட்டருக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எப்ப விடுவான் அவள?"

"கடைசிலதான். கணுக்கால் வீங்கியிருக்காம். ஒரு நிமிஷம் போதும்ல, குறிக்கு."

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் போல இருந்தபோது பந்து பக்கவாட்டில் வெளியே போயிற்று. கோட்டுக்கு வெளியே உடம்பைச் சூடேற்ற ஓடிக்கொண்டிருந்த ரன்வா அதை எடுத்து மர்யுனிடம் கொடுத்தாள்.

"இந்தா சித்தி. இந்த ஆளு எப்பத்தான் என்னக் கூப்பிடுவாரு? கால் விறைச்சுப் போச்சு."

"வருவ, வருவ."

"சொல்ல மறந்துட்டேன் பாரு. நவம்பர்ல நீ கோபன்ஹேகன் வரணும். டிக்கெட் என் செலவு."

"என்னத்துக்குடி?"

"டென்மார்க் சீனியர் டீம்ல என்னக் கூப்பிட்டிருக்காங்க! அம்மா சொல்லல?"

பந்து மர்யுனின் இரண்டு கைகளிலும் தலைக்கு மேலே இருந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"ரன்வா, இன்னிக்கு நீ உள்ள வந்தேன்னா அப்புறம்..."

நடுவர் விசிலை ஊதிக் கையை ஆட்டினார்.

"சீக்கிரம் எறி சித்தி, மஞ்சக் கார்டு காட்டப் போறாங்க!"

எறிந்தாள். யாரிடம் எறிந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பந்து எதிர்ப்பக்கம் போனதும் அவள் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கோட்டோரம் ஹானுஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள்.

"அவளுக்குத் தெரியாது!"

"என்ன தெரியாது? உன் இடத்துக்குப் போ, அங்க ஓட்டை விழுந்து கிடக்கு!"

"உள்ள கால வச்சா டென்மார்க் கிடையாதுன்னு தெரியாதுடா அவளுக்கு! நவம்பர்ல அங்க ஆடப் போறேன்னு எங்கிட்ட டிக்கெட் பேசிட்டிருக்கா!"

உண்மையிலேயே ஹானுஸும் அதுவரை அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தான். அதுவரை அவன்மேல் தப்பில்லை. அடுத்து அவன் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அதெப்படி தெரியாம இருக்கும்? ஊருக்கே தெரியும்."

"அவ ஊர்லயா இருக்கா?"

"சரி, தெரியலன்னா இன்னும் நல்லது. தெரிஞ்சா குழம்பிப் போவா. முடிஞ்சப்புறம் பேசிக்கலாம்."

"முடிஞ்சப்புறம் பேச என்னடா இருக்கு?"

"காதுல குறி போடறப்ப ஆட்டுக்குட்டிகிட்ட அனுமதி கேட்டுட்டா போடறோம்? போ மர்யுன். நாட்டுக்காக ஆடு."

சொல்லிவிட்டு அவன் திரும்பிக் கையைத் தட்டி ரன்வாவைக் கூப்பிட்டான். அவள் துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். மேலங்கியைக் கழற்றி எறிந்தாள். மைதானத்தின் நடுக்கோட்டருகே நான்காவது நடுவர் எண் பலகையைத் தயாராகப் பிடித்துக்கொண்டார். ரன்வா அவர் பக்கத்தில் நின்று ஒற்றைக் காலில் குதித்தாள்.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பந்து வெளியே போக வேண்டும். அல்லது நடுவர் எதற்காகவாவது ஆட்டத்தை நிறுத்த வேண்டும். நின்ற நொடியில் ஆளை மாற்றலாம். ஓடுகிற ஆட்டத்தில் மாற்ற முடியாது.

எங்கள் மைதானத்தில், அந்தக் காற்றில், பந்தை வெளியே அனுப்ப யாரும் முயற்சி செய்ய வேண்டியதில்லை. தானாகப் போகும். அன்று அதுவரை நிமிடத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டுதான் இருந்தது.

"ரன்வா! வராத! உள்ள வராத!" என்று மர்யுன் கத்தினாள். காற்று அந்தச் சொற்களைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போயிற்று. ரன்வா சிரித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அந்த நேரத்தில்தான் ஃபின்லாந்துக்காரி ஒருத்தி நீளமாக அடித்த பந்து யாரிடமும் சேராமல் கோட்டை நோக்கி உருண்டது. அருகில் யாரும் இல்லை. காற்று அதை மெதுவாக, ஒரு குழந்தையைக் கைபிடித்து அழைத்துப் போவதுபோல வெளியே அழைத்துப் போனது. மர்யுன் சும்மா நின்றிருந்தால் போதும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. பந்து போகும், ரன்வா வருவாள், அடுத்த ஐந்து வருடம் மர்யுன் அனுப்பும் பந்தெல்லாம் ஒருத்தியின் காலில் பூப்போல உட்காரும். அவள் இத்தனை காலம் கேட்டது அதுதான். அதைத்தான் அவளுக்கு இலவசமாக நீட்டினார்கள்.

அவளுக்கு வந்த கோபம் அதற்குத்தான். என் ஆசையைக் காட்டியே என் வாயை அடைக்கப் பார்க்கிறானே என்ற கோபம்.

ஓடினாள். முப்பத்து நாலு வயது முட்டியை வைத்துக்கொண்டு, மீன் ஆலையில் எட்டு மணி நேரம் நின்று பழகிய கால்களை வைத்துக்கொண்டு ஓடினாள். கோட்டின்மேல் பாதி பந்து இருந்தபோது காலை நீட்டி உள்ளே இழுத்தாள். எதிரியின் பந்தை எதிரிக்காகக் காப்பாற்றிக் கொடுத்தாள்.

"என்னடி பண்றா இவ?" என்று எனக்குப் பக்கத்தில் இருந்த எல்ஸ்பா கேட்டாள்.

"விட்டுத் தொலைச்சிருக்கலாமே!"

ஹானுஸுக்கும் முதலில் புரியவில்லை. ஃபின்லாந்துக்காரிகள் கோலை நோக்கி அடித்த பந்தை மர்யுன் நெஞ்சில் வாங்கித் தடுத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. கோல் விழுந்தாலும் ஆட்டம் நிற்கும். கம்பத்துக்கு மேலே போனாலும் நிற்கும். அவள் எதையும் நிற்க விடமாட்டேன் என்று நிற்கிறாள்.

"வெளிய அடிங்க!" என்று அவன் அலறினான். "யார் கிடைச்சாலும் வெளிய அடிங்க!"

"அடிச்சீங்க, கால ஒடிப்பேன்!" என்று மர்யுன் அலறினாள்.

எங்கள் பெண்கள் பாவம், நடுவில் நின்று விழித்தார்கள். இடது பின்களத்தில் இருந்த சின்னப் பெண் கோச் சொன்னதைக் கேட்கிற நல்ல பிள்ளை. பந்து கிடைத்ததும் வெளியே உதைக்கக் காலைப் பின்னால் இழுத்தாள். மர்யுன் சொந்த அணிக்காரியின் காலடியில் சறுக்கி விழுந்து பந்தைப் பறித்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா! நான் நம்ம டீம்!"

"தெரியும்டி! தள்ளி நில்லு!"

மைதானத்தில் சிரிப்பு கிளம்பியது. அப்புறம் சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டோம். யாரோ, "குறி போட விடமாட்டேங்கிறா" என்று முணுமுணுத்தது வரிசை வரிசையாகப் பரவியது. எப்போதும்போல அரை நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நடுக்கோட்டருகே குதித்துக்கொண்டிருந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

மர்யுன் பந்தைப் பின்னால் நின்ற பிரிட்டாவுக்குத் தலையால் தட்டிவிட்டாள். "வாங்கிக்கோ! விடாத!"

"எவ்வளவு நேரம்டி வச்சிருக்க?"

"நடுவர் மொறைக்கிற வரைக்கும்!"

பிரிட்டா பந்தைக் கட்டிப்பிடித்துத் தரையில் படுத்தாள். பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். நடுவர் முறைத்தார். உதைத்தால் காற்றில் வெளியே போகும் என்பதால் கையால் உருட்டிவிட்டாள். ஒரு ஃபின்லாந்துக்காரி தசை பிடித்துக்கொண்டு கீழே விழுந்து காலைப் பிடித்தாள். நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். மர்யுன் அந்தப் பெண்ணின் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

"எந்திரி தாயே! உனக்கு ஒண்ணும் இல்ல! ஓடு! நல்ல பொண்ணுல்ல!"

அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பயத்தில் ஓடினாள்.

ஃபின்லாந்துக்காரிகள் நாலு கோல் முன்னால் இருக்கிறோம், போதும் என்று தங்களுக்குள் பந்தை உருட்ட ஆரம்பித்தார்கள். அதுவும் மர்யுனுக்கு நல்லதாகப் போயிற்று. பந்து கோட்டோரம் வரும்போதெல்லாம் அவள் அங்கே இருந்தாள், தடுத்தாள், நடுவுக்குத் தள்ளினாள். அவள் ஆடியதிலேயே மிகச் சிறந்த ஆட்டம் அதுதான் என்று பிரிட்டா இன்றைக்கும் சொல்கிறாள். பந்தை எங்கேயும் கொண்டுபோகாத ஆட்டம்.

விசில் நீளமாக ஒலித்தது. முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், "துரோகி!" என்று கத்தினான். வேறு யாரும் இல்லை, மர்யுனின் பக்கத்து வீட்டுக்காரன், மாதம் ஒருமுறை அவளிடம் ஏணி இரவல் வாங்குகிறவன்.

ஹானுஸ் அவளை நோக்கி நடந்து வந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. "கைப்பட்டையக் கழட்டு."

"இந்தா." கேப்டன் பட்டையை உருவி அவன் நெஞ்சில் எறிந்தாள். "கழுவாம அப்படியே வச்சுக்கோ. வேர்வையாவது சுத்தமானது."

"செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு நீ வர வேண்டாம். இனி எப்பவும் வர வேண்டாம். பதினேழு வருஷத்துக்கு ஒருத்தி கிடைப்பா இப்படி. நீ என்ன பண்ணிருக்கேன்னு தெரியுதா?"

"நீ பண்ண இருந்தத நான் பண்ண விடல. அதான் பண்ணேன்."

அதற்குள் ரன்வா ஓடி வந்தாள். "சித்தி! என்ன விளையாட்டு இது? எல்லாரும் சிரிக்கிறாங்க! நான் உள்ள வரக் கூடாதுன்னுதானே பண்ண? நான் என்ன பண்ணேன் உனக்கு?"

மர்யுன் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மூச்சு வாங்கியது. "இது தகுதிச் சுற்று. உள்ள கால வச்சிருந்தா டென்மார்க் அவ்வளவுதான். எப்பவுமே ஆட முடியாது."

"போன வருஷம் ஆடினேனே?"

"அது நட்பு ஆட்டம். அது கணக்கில்ல."

ரன்வா ஹானுஸைப் பார்த்தாள். அவன் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மீண்டும் சித்தியைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"விதி எல்லாருக்கும் தெரியும். உனக்குத் தெரியாதுன்னு எனக்கு இப்பத்தான்..."

"எங்கிட்டக் கேட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

ரன்வா மேலங்கியைத் தரையிலிருந்து எடுத்துக்கொண்டு ஒருவரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மர்யுன் அக்கா வீட்டுக்குப் போனாள். சோல்ருன் மேசைமேல் காற்றில் உலர்த்திய ஆட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவி வைத்திருந்தாள். உருளைக்கிழங்கு வெந்து ஆறிப் போயிருந்தது. யாரும் தொடவில்லை.

"எங்க அவ?"

"மாடில. கதவச் சாத்திக்கிட்டா."

"அக்கா, நீ ஏன் அவகிட்டச் சொல்லல? ஹானுஸ் சொல்லிருப்பான்னு நினைச்சியா?"

சோல்ருன் கத்தியைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். "இல்ல."

"இல்லன்னா?"

"டென்மார்க் டீம்லருந்து ஃபோன் பண்ணாங்க. பொண்ணுகிட்ட விதியெல்லாம் எடுத்துச் சொல்லுங்க, உங்க தீவு டீம்ல ஆடறதுக்கு முன்னாடி யோசிக்கச் சொல்லுங்கன்னு. சரின்னேன்."

"சொல்லல."

"சொல்லிருந்தா அவ வந்திருப்பாளா? நீ சொல்லு! அங்க ஆட ஆரம்பிச்சா இங்க எதுக்கு வருவா? நம்ம டீம்ல இருந்தா வருஷத்துக்கு நாலு ஆட்டம். நாலு தடவையாவது என் வீட்டுல படுப்பா. அந்தக் கட்டில்ல படுப்பா. ரெண்டு வருஷமா அந்தக் கட்டிலுக்கு நான் விரிப்பு மாத்திக்கிட்டே இருக்கேன் மர்யுன், யாரும் படுக்காமலே."

"அதுக்குன்னு பொண்ணக் கட்டிப்போடுவியா?"

"நீ மட்டும்? நீ ஆசப்படலையா? ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே, ரன்வா வந்தா அப்படி, ரன்வா வந்தா இப்படின்னு!"

"ஆசப்பட்டேன். திருடல."

"பெரிய யோக்கியக்காரி!"

"ஆமா! இன்னிக்கு ஒருநாள் நான் யோக்கியக்காரிதான்! கேப்டன் பட்டையக் குடுத்துட்டு வந்திருக்கேன் அதுக்கு!"

மாடிப்படி கிறீச்சிட்டது. ரன்வா நடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அம்மாவுக்குத் தெரியும்," என்றாள் மெதுவாக, விரலை மடக்கி. "ஹானுஸுக்குத் தெரியும். சித்திக்குத் தெரியும். பேக்கரி எல்ஸ்பாவுக்கு?"

சோல்ருன் கத்தியை மேசைமேல் வைத்தாள்.

"கேக்குறேன்ல?"

"தெரியும்," என்றாள் மர்யுன்.

"பாதிரியாருக்கு?"

"...தெரியும்னு நினைக்கிறேன்."

"பக்கத்து வீட்டு நாய்க்கு?"

சோல்ருன் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள். "கண்ணு, நான் உன் நல்லதுக்கு..."

"என் நல்லது என்னன்னு என்னத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

அப்போது வெளிக்கதவு திறந்தது. ஹானுஸ் உள்ளே வந்தான், எல்லா வீட்டுக்கும் எல்லோரும் வருவதுபோல, குரல்கூடக் கொடுக்காமல், பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. எங்கள் ஊரில் கதவைத் தட்டுகிறவன் அன்னியன். "ரன்வா, வந்து இப்படி உக்காரு. செவ்வாய்க்கிழமை விஷயமா..."

"வெளிய போங்க," என்றாள் ரன்வா.

"என்ன?"

"வெளிய போய் கதவச் சாத்திட்டுத் தட்டுங்க."

"ரன்வா!" என்றாள் சோல்ருன்.

ஹானுஸ் சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. ஒற்றை பூட்ஸோடு வாசலில் நின்றவன், மர்யுனைப் பார்த்தான், சோல்ருனைப் பார்த்தான், பிறகு கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போனான். கதவு மூடியது. பிறகு தட்டினான். தட்டத் தெரியாத ஆள் தட்டுவதுபோல ஒரே ஒரு தட்டு.

ரன்வா கதவருகே போனாள். திறக்கவில்லை.

"யாரு?"

"ஹானுஸ்."

"என்ன வேணும்?"

"கதவத் திற, மழை பெய்யுது."

"அங்கருந்தே கேளுங்க. ஆட்டத்துக்கு முன்னாடி கேட்டிருக்க வேண்டியத இப்பக் கேளுங்க. முழுசா."

எதிர் வீட்டு ஜன்னலில் திரை விலகியது. ஹானுஸ் தொண்டையைச் செருமுவது கேட்டது. பெயிண்ட் விலை சொல்கிற குரலில் ஆரம்பித்தான், அது பாதியில் உடைந்தது.

"எங்களுக்கு ஆடறியா? ஆடினா வேற எந்த நாட்டுக்கும் அப்புறம் ஆட முடியாது. டென்மார்க்குக்கு முடியாது. நமக்குக் காசு கிடையாது. பெரும்பாலும் தோப்போம். ஆனா நீ வந்தா... நீ வந்தா நல்லா இருக்கும்."

மர்யுன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இப்படிக் கேட்டிருந்தால், ஆட்டத்துக்கு முன்னாலேயே இப்படிக் கேட்டிருந்தால், இவள் ஆமாம் என்று சொல்லியிருப்பாளே என்று நினைத்தாள். அந்த முட்டாள் கேட்கத் தெரிந்தவன்தான். கேட்டிருக்கலாம்.

ரன்வா கதவில் நெற்றியை வைத்து நின்றாள்.

"மாட்டேன்," என்றாள்.

"கொஞ்சம் யோசிச்சு..."

"மாட்டேன்."

சோல்ருன் முகத்தை ஏப்ரனால் மூடிக்கொண்டாள். வெளியே காலடிச் சத்தம் எழவில்லை. அவன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். மர்யுனுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அதான் சொல்லிட்டாள்ல, இன்னும் என்ன நின்னுட்டு? கிளம்பு! உனக்கு வேணும்டா இது! அவ டென்மார்க்குக்குத்தான் ஆடுவா, போய் ஊரெல்லாம் சொல்லு..."

"சித்தி," என்றாள் ரன்வா, திரும்பாமலே. "டென்மார்க்குக்கு ஆடுறேன்னு நான் சொன்னேனா?"

மர்யுன் அவள் முதுகையே பார்த்தாள்.

"உக்காரு. எனக்காக யாரும் இனிமே பேச வேண்டாம்."